சுருக்கமும் விளக்கமும்: தமிழ் உரைநடை வரலாற்றில் ஓர் ஆய்வு

நூலுக்குரிய அழகுகள் பத்தென வகுத்த நன்னூலார், சுருங்கச் சொல்லலை முதலாவதாகவும் விளங்க வைத்தலை இரண்டாவதாகவும் எண்ணினார். இவ்விரண்டனையும் ‘சுருங்கச் சொல்லி விளங்க வைத்தல்’ என ஒரே தொடராக்கி வழங்குதல் இக்கால வழக்கு. மேடையிலும் வகுப்பறையிலும் இத்தொடரைக் கேளாத நாளில்லை. ஆயின் பவணந்தியார் அவ்வாறு பிணைத்துக் கூறினாரல்லர். ‘சொல்லி’ என்னும் எச்சம் பிற்கால வழக்கில் வந்து புகுந்தது. இரண்டும் தனித்தனி எண்ணப்பட்டமையின், ஒன்று உளதாயவிடத்து மற்றொன்றும் தானே உளதாம் என்பது ஆசிரியர் கருத்தன்று. சுருங்கியும் விளங்காத நூல் உண்டு. விளங்கியும் சுருங்காத நூல் உண்டு. ஓர் எச்சத்தால் இரண்டனையும் ஒன்றாக்கிக் கொண்டமையின், சுருக்கினால் விளக்கம் தானே வரும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

இவ்வெண்ணம் இன்று ஆராயப்படுதற்குக் காரணம் உண்டு. கணினித் திரையிலும் கைப்பேசியிலும் படிப்பார்க்கு எழுதுங்கால் எவ்வாறு எழுதவேண்டும் என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, ‘குறைத்து எழுதுக’ என்பதே. அரசு அறிவிப்பும், மருத்துவக் குறிப்பும், தேர்வு விதியும் இன்று பலர்க்குத் திரைவழியே எட்டுகின்றன. அவற்றுள் ஒரு சொல் குறைந்தமையால் படிப்பவர் இழப்பது சிறிதன்று. ஆதலின், தமிழில் சுருக்கமும் விளக்கமும் எக்காலத்து எவ்வாறு உறவு கொண்டிருந்தன என்பதை வரலாற்று முறையில் நோக்குதல் தகும். சுருக்கம் என நாம் போற்றும் பண்பு, உடனிருந்து விளக்குவார் ஒருவர் உளர் என்னும் துணிவின்மேல் எழுந்தது என்பதும், அத்துணை நீங்குந்தோறும் விளக்கம் எழுதப்பட்ட பகுதிக்குள்ளேயே வந்து அமைய வேண்டியதாயிற்று என்பதும் ஈண்டு நாம் காட்டக் கருதுவன.

தொல்காப்பியச் செய்யுளியல், சூத்திரம் கண்ணாடியில் தோன்றும் உருவம்போல ஆராய்ச்சி வேண்டாமலே பொருள் விளங்க நிற்கவேண்டும் என்கின்றது. உவமை மிக அழகியது. சிறிய கண்ணாடி பெரிய உருவத்தையும் குறையாது காட்டும். சுருக்கமும் விளக்கமும் ஒருங்கே அதன்கண் உள்ளன. எனினும், நாடுதலின்றி விளங்கும் என்ற அவ்வாசிரியரே மரபியலில் காண்டிகையையும் உரையையும் வகுத்து இலக்கணங் கூறுகின்றார். தானே விளங்குவதற்கு உரை எற்றுக்கு? சூத்திரம் விளங்குவது பயின்றார்க்கே; பயிலாதார்க்கு அஃது உரையை அவாவி நிற்கும் என்பதே இதற்கு விடையாதல் வேண்டும். மரபியலில் நூற்குற்றங்களைத் தொகுக்குமிடத்து, கேட்போர்க்கு இன்னாத யாப்பினதாதலும் ஒரு குற்றமெனக் கூறப்படுகின்றது. ஈண்டுக் ‘கேட்போர்’ என்ற சொல் கருதற்பாலது. நூலுக்கு எதிரே ஆசிரியர் நிறுத்தியது, ஏட்டைத் தனித்திருந்து நோக்கும் கண்ணையன்று. ஆசிரியன் வாய்மொழியைக் கேட்கும் செவியை.

இவ்வமைப்பைத் தெளிவாகக் காட்டும் நூல் சிவஞானபோதம். பன்னிரண்டு சூத்திரங்கள், அடிகளோ நாற்பது. இவற்றுள் ஒரு சமயத்தின் தத்துவம் முழுதும் அடங்கியது என்பர். அஃது உண்மையே. ஆயினும் மெய்கண்டார் சூத்திரத்தை மட்டும் இயற்றி விடுத்தாரல்லர். வார்த்திகப் பொழிப்பையும், எடுத்துக்காட்டு வெண்பாக்களையும் உடன் வைத்தார். தம் சுருக்கத்தின் எல்லையைத் தாமே அறிந்த ஆசிரியர் அவர். பின்னர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவஞான முனிவர் அதே நூலுக்குச் சிற்றுரை ஒன்றும், மாபாடியம் என்னும் பேருரை ஒன்றும் வரைந்தார். பன்னிரண்டு சூத்திரங்கட்கு ஒருவரே இரண்டு உரை செய்தார் எனின், படிப்பவர் ஒருதன்மையர் அல்லர் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பது போதரும். ஒருவர்க்குச் சுருக்கமாவது மற்றொருவர்க்குக் குறைவாகும். அளவு சொற்றொகையில் இல்லை. படிப்பவன் முன்னரே அறிந்திருப்பதில் உள்ளது.

இனி, உரைநடை நெடிதாயவிடத்தும் அது செவிக்குரியதாகவே இருந்தது. இறையனார் களவியலுரை பல தலைமுறையாக வாய்மொழியில் வழங்கிப் பின்னர் ஏட்டில் ஏறியது என அவ்வுரையே கூறும் வரலாறு யாவரும் அறிந்தது. அதன் எதுகையும் மோனையும் அணிக்காக வந்தன என்று கூறிவிடுதல் எளிது. நினைவிற் கொள்ளுதற்கும், வாக்கியம் முடியுமிடத்தைச் செவி அறிந்து கொள்ளுதற்கும் அவை உதவின என நாம் கருதுகின்றோம். காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இல்லாத காலத்து ஓசையே அவற்றின் வேலையைச் செய்தது. ஏட்டுச்சுவடியிற் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுதல் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்கட்கும் ஒகர ஓகாரங்கட்கும் வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒரே வடிவின. கண்ணால் மட்டும் அதனைப் படித்துணர்தல் அரிது. முன்னரே பாடங் கேட்டவனே பிழையின்றிப் படிக்க வல்லன். எகர ஒகர வேறுபாட்டிற்கு வடிவம் வகுத்த வீரமாமுனிவரின் சீர்திருத்தத்தை எழுத்துச் சீர்திருத்தம் என்று மட்டும் எண்ணுதல் போதாது. பாடங் கேளாது படிப்பவன் ஒருவனை நோக்கி எடுத்துவைத்த முதற்படிகளுள் ஒன்று அது.

அச்சு இந்நிலையை உடனே மாற்றிவிடவில்லை. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சேறியது முதல் மூன்று நூற்றாண்டளவும் அச்சுநூல்கள் பல ஏட்டின் மரபையே பின்பற்றின. இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்தும் உரிமை 1835-இல் உண்டாயபின்னரே நூல்கள் பெருகின. நூல்கள் பெருகியபின்னரே ஆசிரியனை அடையாத படிப்பாளர் பெருகினர். இம்மாற்றத்தை முற்றும் உணர்ந்து எழுதியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1848-இல் வண்ணார்பண்ணையிற் பாடசாலை நிறுவிய அவர், அதற்கு வேண்டும் நூல்களைத் தாமே எழுதி, தாமே அச்சிட்டார். பாலபாடங்களின் வாக்கியங்கள் பெரும்பாலும் குறுகியன. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தியே நிற்கும். 1852-இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தைக் கற்றாரேயன்றிக் கல்வியிற் குறைந்தாரும் எளிதில் உணர்தற்பொருட்டுச் செய்தனர். அதற்கென அவர் கொண்ட வழிகள் இரண்டு. ஒன்று, சந்தி விகாரங்களை இயன்றவரை விலக்கிச் சொற்களைப் பிரித்து நிறுத்தியது. மற்றொன்று, மேனாட்டு நிறுத்தக் குறிகளை எடுத்தாண்டது.

நாவலரது நடையைப் பாராட்டுவார் அதன் பிழையின்மையையும் தூய்மையையுமே பெரிதும் எடுத்துரைப்பர். நாமோ அதன்கண் வேறொன்றைக் காண்கின்றோம். சந்தி பிரித்தலால் வாக்கியம் குறுகவில்லை. தாளில் அது கொள்ளும் இடம் சிறிது மிகுந்தது. நிறுத்தக் குறிகளும் சேர்ந்தபின் இன்னும் மிகுந்தது. விளக்கத்தின்பொருட்டு நீளத்தை மனமுவந்து ஏற்றுக்கொண்ட நடை அவருடையது. புலவர்க்கெனத் தாம் எழுதிய கண்டனங்களில் நெடிய தொடர்களைத் தயங்காது அமைத்த அவரே, சிறுவர்க்கு எழுதுங்கால் வேறொருவராகி நின்றார். நன்னூலுக்குக் காண்டிகையுரை கண்டவர் அவர் என்பதையும் இதனோடு வைத்து எண்ணுக. கருத்துரைத்து, சொற்பொருள் கூறி, உதாரணங் காட்டி, வினாவும் விடையும் நிகழ்த்தும் காண்டிகையின் முறையை அவர் பாடநூல்களுக்குள் கொண்டுவந்தார். சைவ வினாவிடைகள் இதற்குச் சான்று. ஆசிரியன் வாயில் இருந்த வினா, அச்சுத்தாளில் ஏறிற்று.

அடுத்த மாற்றம் நாளிதழால் விளைந்தது. 1882-இல் வார இதழாகத் தோன்றிய சுதேசமித்திரன் 1899-இல் நாளிதழாயிற்று. தந்திவழிச் செய்திகள் ஆங்கிலத்தில் வந்தன; சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் விதிக்கப்பட்டமையின் அவை எலும்புக்கூடு போல இருக்கும். அவற்றைத் தமிழாக்கித் தசையும் தோலும் பொருத்துவது உதவியாசிரியர் தொழில். 1904-இல் அவ்விதழிற் சேர்ந்த பாரதியார்க்கு மொழிபெயர்ப்பே நாட்பணி. அவரது உரைநடையின் குறுவாக்கியங்களை அவர்தம் கவியுள்ளத்தின் விளைவாக மட்டும் கொள்வார் உளர். இதழ்ப்பணியின் பழக்கத்தையும் அதற்குக் காரணமாகச் சேர்த்தல் வேண்டும் என்பது நம் துணிபு. திரு.வி.க.வின் சான்று இன்னும் வெளிப்படை. பண்டைய இலக்கியங்களில் ஊறிய அவர் 1917-இல் தேசபக்தனிலும், 1920 முதல் நவசக்தியிலும் எழுதியபோது, வினைமுற்று விரைந்து வரும் சிறு வாக்கியங்களை அடுக்கினார். தொழிற்சங்கக் கூட்டங்களிற் பேசிய நாவே அவ்விதழ்களிலும் எழுதியது. புலமையை விட்டுக்கொடாமல் வாக்கியத்தைக் குறைக்க இயலும் என்பதற்கு அவர் நடை அழியாச் சான்று.

1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார் மற்றொரு படி மேற்சென்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூடியவனும் தன் இதழைப் படித்தல் வேண்டும் என்னும் நோக்கொடு, பேச்சு வழக்கிலுள்ள சொல்லையும் சிறு வாக்கியத்தையும் விதியாகவே வைத்துத் தம் செய்தியாளர்க்குக் கையேடும் எழுதினார். ‘தந்தி’ என்னும் பெயரே விரைவையும் சுருக்கத்தையும் ஒருங்கே உணர்த்துவது. தேநீர்க்கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்கும் காட்சி அவ்விதழோடு இணைத்துப் பேசப்படுவது. அச்சுக்காலத்தின் நடுவிலும் பழைய கேட்போர் முற்றும் மறைந்திலர் என்பது நினைக்கத்தக்கது. பண்டிதர் சிலர் அந்நடையை இகழ்ந்தனர். இகழ்ந்தவர் நூல்களை இன்று நூலகத்தில் தேடவேண்டியுள்ளது. இதை மகிழ்ந்து கூறவில்லை, நிகழ்ந்ததைக் கூறுகின்றோம்.

இனித் திரைக்கு வருவோம். தந்தியிற் சொல்லுக்குக் கட்டணம் இருந்தவாறே, கைப்பேசிக் குறுஞ்செய்தியில் எழுத்திற்கு அளவு இருந்தது. ரோமன் எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடங்கள்; ஒருங்குறித் தமிழில் எழுதின் 70 இடங்களே. அவ்வெழுபதும் நம் இலக்கணத்தார் எண்ணும் எழுத்துகளல்ல. ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறிக்கு ஐந்து இடம். மகரத்தின்மேல் ஏறிய இகரக் குறிக்கு ஓரிடம், ழகரத்தின் புள்ளிக்கு ஓரிடம். 2006-இல் டுவிட்டர் 140 இடம் என வகுத்து, 2017-இல் 280 ஆக்கியபோதும் கணக்கு இத்தன்மையதே. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்ட தொல்காப்பிய மரபு இயந்திரத்தின் கணக்கில் செல்லவில்லை. ஆகவே தமிழன் ஆங்கிலத்தானினும் மிகுதியாகச் சுருக்க வேண்டியவனாயினான். இதனைச் சூத்திரச் சுருக்கத்தோடு ஒப்பிட்டுப் பெருமை கொள்வார் உளர். சூத்திரம் பொருளை நோக்கிச் சுருங்கியது. குறுஞ்செய்தி இடத்தை நோக்கிச் சுருங்கியது. இரண்டும் ஒன்றாகா.

திரையிற் படிப்பவர் எவ்வாறு படிக்கின்றனர் என்பதை ஆராய்ந்தோருள் ஜேக்கப் நீல்சன் குறிப்பிடத்தக்கவர். 1997-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கத்தைக் கண்டவருள் 79 விழுக்காட்டினர் மேலோட்டமாகக் கண்ணோட்டினர். சொல்லுக்குச் சொல் படித்தவர் 16 விழுக்காட்டினரே. அதே ஆண்டில் ஜான் மோர்க்ஸ் என்பாரோடு அவர் செய்த மற்றோராய்வு நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தைப் பற்றிய ஒரே செய்தியைப் பலவாறு எழுதிப் படிப்பித்தனர். விளம்பர நடையில் எழுதியதனை நோக்க, சொற்களை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது 58 விழுக்காடு மிகுபயன் தந்தது. தலைப்பும் பட்டியலும் இட்டுக் கண்ணுக்கு எளிதாக்கியது 47 விழுக்காடும், புகழுரை நீக்கி உள்ளது உள்ளவாறு கூறியது 27 விழுக்காடும் தந்தன. மூன்றனையும் ஒருங்கே செய்தது 124 விழுக்காடு தந்தது. இவ்வாய்வினின்று ‘பாதியாகக் குறை’ என்பதை மட்டும் எடுத்துக்கொண்டோர் பலர். முறையின் வைப்பு எனவும், உலகமலையாமை எனவும் நன்னூலார் தனித்தனி எண்ணிய அழகுகளுக்கு அணுக்கமானவை ஏனைய இரண்டும் என்பதைத் தமிழ் கற்றோர் எளிதில் காண்பர்.

எனினும் அம்மேனாட்டு ஆய்வை அப்படியே தமிழுக்கு ஏற்றுதல் ஒல்லாது. 2006-இல் நீல்சன், திரையில் செல்லும் கண் பக்கத்தின் மேற்பகுதியில் குறுக்காகவும், பின்னர் இடப்பக்க ஓரமாகக் கீழ்நோக்கியும் செல்லும் என்று காட்டினார். ஆங்கில வாக்கியத்தில் எழுவாயும் பயனிலையும் பெரும்பாலும் இடப்பக்கத்தே முன்னிற்கும். அவ்வோரத்தை மட்டும் நோக்கினும் கருத்தின் தலை அகப்படும். தமிழிலோ பயனிலை இறுதியில் வருவது. உடன்பாடோ எதிர்மறையோ என்பதுங்கூட ஈற்றுச்சொல்லிலேயே தெரியும். வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் கண்டு செல்பவன் காலமும் இடமும் நிபந்தனையுமாகிய அடைகளையே கண்டு செல்வான்; முடிவைக் காணான். வாக்கியத்தைக் குறுக்குதற்கு ஆங்கிலத்தினும் வலிய காரணம் தமிழுக்கு உண்டு: வினைமுற்றை விரைவில் வரவழைத்தல். சொல்லைக் குறைத்தலினும் வாக்கியத்தை முறித்தல் ஈண்டு முதன்மை பெறும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைக் காட்டுவோம். ‘இவ்வறிவிப்பு வெளிவந்த நாளினின்று 30 நாட்களுக்குள் சான்றிதழ்களின் படிகளை இணைத்து விண்ணப்பியாதவர்களின் கோரிக்கைகள் ஏற்றுக்கொள்ளப்படமாட்டா’ என்பது நாம் அமைத்த ஒரு வாக்கியம். அலுவலகத் தமிழ் அறிந்தார்க்கு இது புதிதன்று. பதினொரு சொற்கள். ‘இணைத்து விண்ணப்பியாதவர்’ என்பதில் எதிர்மறை விண்ணப்பித்தலை மட்டும் சாருமோ, இணைத்தலையும் சேர்த்துச் சாருமோ என்னும் ஐயம் எழும். நாளுக்குள் விண்ணப்பித்துப் படியை மட்டும் விடுத்தவன் நிலை யாது? இதனைத் திரைக்கெனச் சுருக்குவார் ‘விண்ணப்பம்: 30 நாள். சான்றிதழ் கட்டாயம்’ என்பர். ஐந்து சொற்கள். எந்நாள் முதல் முப்பது? மூலச் சான்றிதழோ படியோ? இது குன்றக் கூறல் என்னும் குற்றத்தின்பாற்படும். ‘அறிவிப்பு வெளிவந்த நாள்முதல் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ்களின் படிகளை விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் விண்ணப்பம் ஏற்கப்படாது’ என எழுதின் பதினேழு சொற்கள் ஆகும். மூன்றனுள் நீளமானது இதுவே. விரைவில் படித்து முடிக்கப்படுவதும் இதுவே. ஏனைய இரண்டனையும் ஒருமுறை படித்தவன் மறுமுறை படிப்பான்; பின்னர் யாரையேனும் சென்று கேட்பான்.

கூறியது கூறலைத் தொல்காப்பியரும் நன்னூலாரும் குற்றமென்றனர். நூலை முதலினின்று முறையே கற்பானுக்கு அது குற்றமே. திரையிற் படிப்பவனோ தேடுபொறி காட்டிய இடத்தில் இடையே நுழைகின்றான். மேலைச் சான்றின் மூன்றாம் வாக்கியத்தை மட்டும் காண்பானுக்கு ‘இவ்விரண்டனுள்’ என்னும் சுட்டு எதனையும் சுட்டாது. ‘மேற்கூறிய’, ‘அன்னார்’, ‘அஃது’ என்பனவெல்லாம் அவனுக்கு வெற்றுச் சொற்கள். ஆதலின் சுட்டுப்பெயர்க்கு மாறாகப் பெயரையே மீண்டும் கூறுதல் பல இடத்தும் வேண்டற்பாலது. பயன் நோக்கி வழிமொழிதல் குற்றமாகாது என உரையாசிரியர் கொண்ட விலக்கு ஈண்டு நமக்கு இடந்தருகின்றது. நாவலர் செய்த சந்தி பிரிப்பும் இங்கே மீண்டும் உயிர் பெறுகின்றது: புணர்த்தெழுதிய சொல்லைத் தேடுபொறி தனிச்சொல்லாக அறியாது விடுதல் உண்டு. கண்ணுக்காகப் பிரித்தார் நாவலர். இன்று இயந்திரத்திற்காகவும் பிரித்தல் நேர்கின்றது.

இக்கட்டுரையில் நாவலரினும் முற்பட்ட யாழ்ப்பாணத்து இதழ்நடை எடுத்துக்கொள்ளப்படவில்லை. அமெரிக்க மிஷனார் 1841-இல் தொடங்கிய உதயதாரகை ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கொண்டு வெளிவந்தது. ஒரு செய்தி இருமொழியிலும் எவ்வளவு நீண்டது, எவ்விடத்து முறிந்தது, தமிழிற் பயனிலை எத்துணைத் தொலைவில் நின்றது என்பவற்றை அவ்விதழ்த் தாள்களை அருகருகே வைத்து அளந்து காணலாம். பட்டமேல் வகுப்பு மாணவர் ஒருவர்க்கு அது தனியாய்வுப் பொருளாதற்குப் போதியது.